பத்து மணிக் கட்டம்

தாலுகா ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் நாற்பது கட்டில்கள். நாற்பதில் மட்டும் ஆள் இருந்தால் அன்றைக்கு நல்ல நாள். மற்ற நாட்களில் தரையிலும் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். இத்தனை பேருக்கும் ஒரு வேளைக்கு இரண்டே நர்ஸுகள்.

ஒருத்தி இன்சார்ஜ் சிஸ்டர் ரஹ்மத் நிஷா. வயது முப்பத்தாறு. இன்னொருத்தி அமலோற்பவம். வயது நாற்பத்தெட்டு. சொல்லிக்கொடுக்கிறவள் இளையவள், கற்றுக்கொள்ள வந்தவள் மூத்தவள்.

பதினெட்டு வருஷம் தனியார் நர்சிங் ஹோம்களில் ஓடித் தேய்ந்தபிறகு, பரீட்சை எழுதி, ஒப்பந்தத்தில் இங்கே வந்து சேர்ந்திருந்தாள் அமலோற்பவம். அடுத்த மாதம் நிரந்தர ஆர்டர் வந்துவிடும் என்று பேச்சு. அந்தத் தாள் ஒன்றை நம்பித்தான் தினமும் காலையில் வீங்கிய காலைச் செருப்பில் திணித்துக்கொண்டு கிளம்பினாள்.

வந்த முதல் நாளே அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"சிஸ்டர், மணிக்கு மணி பிரஷர் பாருங்கன்னு எழுதிட்டுப் போயிருதாங்க. நம்ம ரெண்டு பேரு. போக முடியாத பெட்டுக்குத் தாள்ல என்ன எழுதணும்?"

ரஹ்மத் நிஷா பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். போக முடியாமல் போன ஒரு கட்டிலின் தாளில் எட்டு மணிக் கட்டம் காலியாகவே கிடந்தது.

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். தாளைத் தூக்கி எல்லோரும் பார்க்கும்படி ஆட்டினார்.

"என்ன சிஸ்டர் இது? எலி கடிச்ச மாதிரி நடுநடுவுல ஓட்டை?"

"பார்க்க முடியல சார்."

"இதைச் சொல்ல ஒரு இன்சார்ஜா?"

ரஹ்மத் நிஷா தலை குனிந்து நின்றாள். இருபது கட்டில் தள்ளிப் படுத்திருந்தவர்களுக்குக்கூட அந்தத் திட்டு கேட்டது. பாவம், பிழைக்கத் தெரியாத பொம்பளை என்று அமலோற்பவம் நினைத்துக்கொண்டாள்.

பிழைக்கத் தெரிந்தவர்கள் செய்கிற காரியம் ஒன்று உண்டு. அமலோற்பவம் வேலை பார்த்த எல்லா நர்சிங் ஹோம்களிலும் அது நடந்தது. ரவுண்ட்ஸுக்குப் பத்து நிமிஷம் முன்னால் தாள்களை வரிசையாக அடுக்கி, காலிக் கட்டங்களை மளமளவென்று நிரப்பிவிடுவார்கள். நூற்றிருபதுக்கு எண்பது. அந்த எண்ணை எழுதியதற்காக எந்த நர்ஸும் திட்டு வாங்கியதில்லை.

அது நடந்து சில நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை. உலகம்மாள் என்ற முப்பத்தெட்டு வயதுக்காரிக்கு விடியற்காலையிலேயே கர்ப்பப்பையை எடுத்து, எட்டரை மணிக்கு வார்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒன்பது மணிக்கு அமலோற்பவம் ஒழுங்காகப் பட்டையைக் கட்டிப் பிரஷர் பார்த்தாள். நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு. எழுதினாள்.

அதன் பிறகு வார்டு இரண்டுபட்டது. வாசல் பக்கக் கட்டிலில் ஒரு பெண்ணுக்கு வலிப்பு. இரண்டு புது அட்மிஷன். ஒருத்திக்கு டிரிப் ஏறாமல் கை வீங்கிவிட்டது. ரஹ்மத் நிஷா ஒரு கோடியில் நின்றாள், அமலோற்பவம் மறு கோடியில் நின்றாள்.

பத்து மணிக்கு உலகம்மாளின் மாமியார் பிளாஸ்க்கைக் கையில் பிடித்தபடி வந்தாள்.

"சிஸ்டரம்மா, எம் மருமவளுக்கு நாக்கு ஒட்டுதாம். ஒரு முழுங்கு தண்ணி குடுக்கட்டுமா?"

"ஆப்பரேஷன் பண்ணுன ஆளுக்குத் தண்ணி கூடாதும்மா," என்று இருந்த இடத்திலிருந்தே சொன்னாள் அமலோற்பவம்.

"ரொம்பக் கேக்கா தாயி."

"கேக்கத்தான் செய்வாங்க. போங்க."

வெளியே பெரிய டாக்டரின் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. அமலோற்பவம் மேஜைக்கு ஓடினாள். உலகம்மாளின் தாளில் பத்து மணிக் கட்டம் காலி. கை தன்னாலே எழுதியது. நூற்றிருபதுக்கு எண்பது.

பெரிய டாக்டர் தாளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

பத்தரை மணிக்கு ரஹ்மத் நிஷா வந்து உலகம்மாளுக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டுவிட்டு, வலிப்பு வந்தவளிடம் திரும்பப் போனாள். பதினொரு மணிக்கு அவளேதான் பட்டையைக் கட்டினாள். எண்பதுக்கு ஐம்பது. உலகம்மாளின் முகம் வெளுத்து, நெற்றி குளிர்ந்து வியர்த்திருந்தது.

டூட்டி டாக்டர் இளங்குமரன் ஓடி வந்தார். சின்ன வயசுக்காரர், கெட்டிக்காரர். வயிற்றுக் கட்டைப் பார்த்தார். ரத்தக் கசிவு இல்லை. தாளை எடுத்து விரலால் கோடு பிடித்துப் படித்தார்.

"ஒன்பது மணிக்கு நார்மல். பத்துக்கும் நார்மல். பத்தரைக்கு ஊசி. பதினொண்ணுக்கு எண்பது." நிமிர்ந்தார். "ஊசி ஒத்துக்கல. சிஸ்டர், டெஸ்ட் டோஸ் போட்டீங்களா இல்லையா?"

"போட்டேன் சார்."

"பார்த்துப் போடணும் சிஸ்டர்! அலர்ஜி மருந்தை எடுங்க."

மருந்து ஏறியது. அமலோற்பவம் தாளை எட்டிப் பார்த்தாள். தன் கை எழுதிய எண்ணை வைத்துக்கொண்டு டாக்டர் சிஸ்டரைத் திட்டுகிறார். அவர் கொடுக்கிற மருந்தும் அந்த எண்ணை நம்பித்தான் ஏறுகிறது.

சிஸ்டரின் கையைப் பிடித்துத் திரைக்குப் பின்னால் இழுத்தாள்.

"சிஸ்டர், பத்து மணிக்கு நான் கட்டிப் பார்க்கல. சும்மா எழுதினேன்."

ரஹ்மத் நிஷா அவளைப் பார்த்தாள். கட்டிலின் பக்கம் திரும்பினாள்.

"இப்போ சொன்னா என் ஆர்டர் போயிரும் சிஸ்டர். மருந்து போட்டாச்சுல்லா? ஒருவேளை அதுலயே கேட்டுருச்சுன்னா? கொஞ்ச நேரம் பார்க்கலாமே?"

ரஹ்மத் நிஷா அவள் மணிக்கட்டைப் பற்றிக் கட்டிலுக்குக் கூட்டிப்போனாள். அவள் விரல்களை எடுத்து உலகம்மாளின் நாடியில் வைத்தாள்.

"எண்ணுங்கக்கா."

நூலாக ஓடியது நாடி. இரண்டு தடவை விரலுக்குத் தப்பிப் போனது. உலகம்மாள் கண்ணைப் பாதி திறந்தாள். "தண்ணி," என்றாள்.

"எத்தனை?"

"நூத்து முப்பத்தாறு."

"பதினொண்ணேகால்னு போட்டு எழுதுங்க. எழுதிட்டு, மேல பத்து மணியையும் ஒரு தரம் பாருங்க. சார் அதைப் பார்த்துத்தான் வைத்தியம் பண்ணிட்டிருக்காரு."

அமலோற்பவம் தாளைப் பார்த்தாள். பேனா கையிலேயே இருந்தது. எழுதாமல் டாக்டரிடம் போனாள். பத்தடி தூரம்தான். அவ்வளவு தூரம் அவள் எந்த நர்சிங் ஹோமிலும் நடந்ததில்லை.

"சார், பத்து மணி பிரஷர் பொய். நான் பார்க்கல. ஒன்பதுக்கு அப்புறம் யாருமே பார்க்கல. பத்து மணிக்கே தண்ணி கேட்டுட்டு இருந்தாங்களாம்."

இளங்குமரன் வாயைத் திறந்தார். திட்டுவதற்கு நேரமில்லை என்று தெரிந்து மூடிக்கொண்டார். உலகம்மாளின் வயிற்றில் கையை வைத்து அழுத்தினார். அவள் முனகினாள்.

"அப்போ ஊசிக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கு. உள்ளே ரத்தம். தியேட்டரை ரெடி பண்ணச் சொல்லுங்க. பெரிய டாக்டரைக் கூப்பிடுங்க!"

உள்ளே போட்ட தையல் ஒன்று நழுவியிருந்தது. வயிற்றிலிருந்து ஒன்றரை லிட்டர் ரத்தம் எடுத்தார்கள். இன்னொரு கால் மணி நேரம் அலர்ஜி மருந்தையே நம்பியிருந்தால் கிடைத்திருக்க மாட்டாள் என்று தியேட்டர் வாசலில் யாரோ சொன்னார்கள். அமலோற்பவம் அதைக் கேட்டுவிட்டு, கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

மூன்று மணிக்கு உலகம்மாள் வார்டுக்குத் திரும்பிவிட்டாள். பிரஷர் நூறுக்கு ஏறியிருந்தது. மத்தியான ஷிஃப்டுக்கு வரவேண்டிய இரண்டு பேரில் ஒருத்தி லீவு, இன்னொருத்தி பிரசவ வார்டுக்குப் போய்விட்டாள். காலையில் வந்த இரண்டு பேருமே இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

மூன்றரைக்கு இளங்குமரன் மேஜைக்கு வந்தார். கையில் ஒரு புதுத் தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"விசாரணை வரும் சிஸ்டர். பெரிய டாக்டர் கேஸ் ஷீட் கேட்டிருக்காரு. காலையிலேர்ந்து எல்லாத்தையும் இதுல அழகா எடுத்து எழுதிடுங்க. நான் கையெழுத்துப் போடுறேன். பழசைக் கிழிச்சிரலாம். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. ஆள்தான் பொழச்சாச்சே."

நல்ல மனுஷன்தான். தப்பு மருந்து கொடுத்துவிட்டோமே என்று அவரும் பயந்திருந்தார். தாளை வைத்துவிட்டுப் போனார்.

அமலோற்பவம் இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு ரஹ்மத் நிஷாவிடம் வந்தாள். சிஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தைத் தரையின் குளிர்ச்சியில் வைத்திருந்தாள்.

"சிஸ்டர், சொல்ல வேண்டிய நேரத்துல உண்மையைச் சொல்லிட்டேன். அவளும் பொழச்சிட்டா. இனிமே இந்தத் தாள் யாருக்கு? எந்த நோயாளிக்கு இதால என்ன ஆகப்போகுது? சாரே சொல்லுதாரு. மாத்தி எழுதினா என்ன?"

"எழுதுங்க."

அமலோற்பவத்தால் நம்ப முடியவில்லை. ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. புதுத் தாளை மேஜையில் விரித்தாள். பெயர் எழுதினாள். கட்டில் நம்பர் எழுதினாள். ஒன்பது மணிக்கு நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு என்று எழுதினாள்.

பேனா நின்றது.

"ஏங்க்கா நிறுத்திட்டீங்க?" என்றாள் ரஹ்மத் நிஷா. "புதுத் தாள்லயும் பத்து மணி இருக்குல்லா? அதுல என்ன எழுதப் போறீங்க?"

அமலோற்பவம் அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியது. பிறகு புதுத் தாளை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, பழைய தாளை இழுத்து வைத்தாள். பத்து மணிக் கட்டத்தின் மேல் பேனாவை அழுத்தித் தேய்க்கப் போனாள்.

ரஹ்மத் நிஷா அவள் கையைப் பிடித்தாள்.

"ஒரே ஒரு கோடு போதும்க்கா. முன்னாடி என்ன எழுதியிருந்துச்சுன்னு படிக்க முடியணும்."

நூற்றிருபதுக்கு எண்பதின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. பக்கத்தில் அமலோற்பவம் எழுதினாள்: 'பார்க்கவில்லை. பார்த்ததாகத் தவறாக எழுதினேன்.' தேதி போட்டாள். இப்போதைய மணி போட்டாள். முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டாள்.

ரஹ்மத் நிஷா தாளை வாங்கி அதற்குக் கீழே எழுதினாள்: 'அந்த நேரம் நாற்பத்து மூன்று நோயாளிகளுக்கு இரண்டு நர்ஸுகள். பத்து மணிக்குப் பார்த்தாகிவிட்டதா என்று இன்சார்ஜ் ஆகிய நான் சரிபார்க்கவில்லை.' அவளும் கையெழுத்துப் போட்டாள்.

"நீங்க எதுக்கு சிஸ்டர்? நீங்க ஒரு தப்பும் பண்ணலயே."

"பார்க்கலல்லா. அதை எழுதுறேன்."

அமலோற்பவத்துக்கு உடம்பெல்லாம் வலித்தது. இத்தனை வருஷத்து ஓட்டமும் ஒரே சமயத்தில் காலில் வந்து இறங்கின மாதிரி இருந்தது. மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கு வேலை போயிருமா சிஸ்டர்?"

அவள் 'போகாது' என்று சொல்லிவிடமாட்டாளா என்று அமலோற்பவம் அந்த முகத்தையே பார்த்தாள்.

"போகலாம்க்கா."

ரஹ்மத் நிஷா செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிரஷர் பார்க்கிற பெட்டியை எடுத்து அமலோற்பவத்தின் கையில் கொடுத்தாள்.

"உலகம்மாளுக்கு நாலு மணிக் கட்டம் காலியா இருக்கு."