அசையாமல் போய் வா

அடங்கி உட்கார்ந்தால் கவிழும், இடம் மாறி உட்கார்ந்தால் நிமிரும். அது என்ன? விடை கதைக்குள் இருக்கிறது.

கடலோரப் பள்ளி மாணவி ரெஜினாளுக்குப் பதினான்கு வயது. வகுப்பில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டாள்.

"பாய்மரப் படகுப் பயிற்சிதான் உன்னைக் கெடுத்துடுச்சு. இனி கையெழுத்து வகுப்புக்குப் போ" என்றார் தலைமையாசிரியர் மாசிலாமணி.

அவள் கெஞ்சினாள்.

"சரி. கடல்ல தெரியுற அந்த மிதவை வரைக்கும் படகில் அசையாம உட்கார்ந்து போய்ட்டு வா. அசைஞ்சா கையெழுத்துதான்."

"நீங்களே கூட வந்து பாருங்க சார்."

அவர் ஏறினார். பாயில் காற்று நிறைந்ததும் படகு சாய்ந்தது. தண்ணீர் அவர் மடியை நனைத்தது. ரெஜினாள் பாயிலிருந்து கண்ணை எடுக்காமல் சிலைபோல் இருந்தாள்.

"ஏய், கவுந்துடும்! எதிர்ப்பக்கம் போ!"

"அசையக் கூடாதே சார்."

"நான் சொல்றேன், போம்மா!" என்றபடி அவரும் தாவினார். அவளும் நகர்ந்தாள். படகு நிமிர்ந்தது. காற்று மாறிய போதெல்லாம் இருவரும் இடம் மாறி, மிதவையைச் சுற்றித் திரும்பினார்கள்.

கரையில் இறங்கியதும், "அசைஞ்சிட்டியே!" என்றார்.

"நீங்க சொன்ன பிறகுதான் அசைஞ்சேன் சார். நீங்க யார் சொல்லி அசைஞ்சீங்க?"

கரையில் வேடிக்கை பார்த்து நின்ற பள்ளிப் பிள்ளைகள் சிரித்தார்கள். மாசிலாமணி வேட்டியைப் பிழிந்தார்.

"கையெழுத்தா, படகா? நீயே சொல்லு."

ரெஜினாள் படகைத் தேர்ந்தெடுத்தாள்.