மடிக்காமல் விட்ட மெத்தை

முன்னொரு காலத்திலே, கடலுக்கு அந்தப் பக்கம் ஜப்பான் தேசத்திலே, சயோ என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்குத் தோகுசோ என்று ஒரு புருஷன், ஹனே என்று ஒரு சின்ன மகள். அந்த ஊரில் கட்டில் கிடையாது. பாய்மேல் பஞ்சு மெத்தையை விரித்துத் தூங்குவார்கள். ஃபுத்தோன் என்று அதற்குப் பேர். எழுந்ததும் மடித்துவிடுவார்கள்.

சயோவின் மெத்தை மலைச் சூனியக்காரி தைத்துக் கொடுத்தது. "காலையில் மடி, வெயிலில் போடு, தட்டி எடு. மடிக்காத மெத்தைக்குப் பசிக்கும்," என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

ஒருமுறை ஹனேவுக்குக் காய்ச்சல். விடியும்போதுதான் கண்ணயர்ந்தாள். அவளை எழுப்பத் தாய்க்கு மனசு வரவில்லை. அன்றைக்கு மடிக்கவில்லை, மறுநாள் மடிக்கவில்லை, அதற்கு மறுநாளும் மடிக்கவில்லை. பிறகு பார்த்தால் மெத்தை இடுப்பளவு உப்பிக் கிடந்தது. குழந்தையைக் காணோம்.

"அம்மா, இன்னும் விடியலையா?"

தலைமாட்டிலிருந்து குரல் வந்தது. அங்கே துழாவினால் கால்மாட்டிலிருந்து வந்தது. அங்கே துழாவினால் நடுவிலிருந்து வந்தது.

மெத்தையின் ஓரத்தில் கிடந்த புருஷனை உலுக்கினாள். ராத்திரியில் ஏன் எழுப்புகிறாய் என்று புரண்டு படுத்தான். வெளியே எல்லாம் சாம்பல் நிறம். பகலா, இரவா? சயோவுக்கே தெரியவில்லை. வேலியில் இருந்த காக்கையிடம் கேட்டாள்.

"ராத்திரியில் முழித்திருக்க நான் என்ன ஆந்தையா?" என்றது காக்கை. "போய் மெத்தையை மடி."

உடனே மெத்தை பேசியது. "மடித்தால் உன் மகளின் எலும்பு நொறுங்கும். உள்ளே கதகதப்பாகத் தூங்குகிறாள். நீயும் வந்து படு."

எதை நம்புவது? மடிக்கக் கை போகும், பயந்து திரும்பும். போகும், திரும்பும். கடைசியில் மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள். சொதசொதவென்று ஈரம், பூசண நாற்றம்.

"கதகதப்பாம்," என்றாள் சயோ. "இந்த ஈரத்திலா என் பிள்ளை தூங்குவாள்?"

புருஷனைப் பாயில் உருட்டிவிட்டுத் தலைப்பக்கத்தை மடித்தாள்; உள்ளே அழுகை கேட்டது. கால்பக்கத்தை அதன்மேல் மடித்தாள்; அழுகை நின்றுவிட்டது. ஆனாலும் விடாமல் இழுத்துப் போய் மூங்கில் கழியில் போட்டாள். முதல் அடியில் தூசி பறந்தது. இரண்டாவது அடியில் இருட்டு உதிர்ந்து, பளீரென்று உச்சி வெயில் அடித்தது. மூன்றாவது அடிக்குக் கை எழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகத்தான் தட்டினாள்.

ஒரு தும்மல் கேட்டது. மடிப்புக்குள்ளிருந்து ஹனே நழுவி விழுந்தாள், தலையெல்லாம் பஞ்சு. நெற்றி ஜில்லென்று இருந்தது.

"பசிக்குது," என்றாள்.

அப்புறம் அந்த மெத்தை பேசவே இல்லை. தினமும் காலையில் ஹனேதான் அதை உருவுவாள். அப்பா மேலே படுத்திருக்கிறாரா என்றுகூடப் பார்ப்பதில்லை. அவர் பாயில் உருண்டுபோய், விடிந்துவிட்டதா என்று கேட்பார். காக்கை பதில் சொல்லும்.

மெத்தை காய்ந்தது, கதையையும் மடித்து வைத்தாயிற்று.