ஆவுடையப்பன் வாங்கி வந்த யானைக்குண்டு

எங்கள் சாஞ்சான்குளத்து ஆட்களை முட்டாள்கள் என்று வெளியூர்க்காரன் சொன்னால் எங்களுக்குப் பொத்துக்கொண்டு கோபம் வரும். அந்தச் சிரமம் அவனுக்கு எதற்கு என்றுதான் நாங்களே சொல்லிவிடுகிறோம். அதைச் சொல்ல எங்களைவிட யாருக்கு ஐயா தகுதி இருக்கிறது?

ஜமீன் காலத்தில் எங்கள் ஊர்க் காவலுக்குத் தலையாரியாக இருந்தவர் ஆவுடையப்பன். மலையடிவாரத்தில் அவருக்கு ஒரு வாழைத்தோப்பு. மகள் பூரணத்துக்குக் கல்யாண நாள் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா சிவனணைஞ்சபெருமாள் வெற்றிலை மாற்றும்போதே விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார்.

"நகை நட்டெல்லாம் எனக்குப் பெருசில்ல. பந்தியில உம்ம தோப்பு இலை, உம்ம தோப்புப் பழம். அதுல குறை வந்துதோ, பிள்ளையைக் கூட்டிட்டு எந்திரிச்சுப் போயிருவேன்."

அந்தத் தோப்பில்தானா காட்டெருமை வந்து இறங்க வேண்டும்? ஒருநாள் விடிந்து பார்த்தால் வடக்கு மூலை மொட்டையாகக் கிடந்தது.

சாவடியில் ஜமீன் கொடுத்த துப்பாக்கி ஒன்று இருந்தது. குண்டுதான் இல்லை. குண்டு வாங்க ஆவுடையப்பன் டவுனுக்குக் கிளம்பினார். துணைக்குத் தளவாயும் மாசானமும் போனார்கள். தளவாய் எங்கள் ஊரில் யோசிக்கிற ஆள். மாசானம் ஆவுடையப்பனின் மச்சினன். தளவாய் யோசித்ததற்குத் தலையாட்டுகிற ஆள்.

கடைக்காரர் மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"குண்டுன்னா எடுத்தோம் கவுத்தோம்னு வாங்கக் கூடாது. சின்னக் குண்டு தோல்லயே நின்னுரும். மிருகத்துக்கு ஏத்த குண்டுன்னா இந்தப் பக்கம் உள்ள போயி அந்தப் பக்கம் வந்துரும். உங்க எருமை எம்மாம் பெருசு?"

"அளந்து பாக்கலியே அண்ணாச்சி," என்றார் ஆவுடையப்பன்.

"அப்ப அளந்துட்டு வாங்க," என்று கடைக்காரர் சிரித்தார். அவர் விளையாட்டாகச் சொன்னார். எங்கள் ஆட்களிடம் விளையாட்டு வேகாது.

திரும்பி வந்து கிணற்றுக் கயிற்றை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனார்கள். எருமை நின்று மென்றுகொண்டிருந்தது. வால் பக்கம் கயிற்றைப் பிடிக்க மாசானம் ஒத்துக்கொண்டான். ஆனால் வாலுக்குப் பின்னால் இருந்த வேலிக்கும் பின்னால் நின்றுதான் பிடிப்பேன் என்றான். தலைப்பக்கம் தளவாய். அவர் தோப்பின் மறுகோடியில் நின்ற பலாமரத்தின் உச்சியில் ஏறிக்கொண்டார்.

"ஏன்வே அவ்வளவு தூரம்?" என்று ஆவுடையப்பன் கேட்டார்.

"தலைப்பக்கந்தானவே இருக்கேன்? கொஞ்சம் தள்ளி இருக்கேன், அவ்வளவுதான்."

அளந்த கயிற்றைக் கடைக்காரர் பிரித்தார். கயிறு கடையைத் தாண்டித் தெருவுக்குப் போய், எதிர்க்கடை வாசலையும் தாண்டியது. "இது எருமையாவே, கோயில் தேரா?" என்று வாயைப் பிளந்தவர், பெட்டிக்கு அடியிலிருந்து யானைக்குண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இதுக்கு மேல எங்கிட்ட இல்ல. வித்த குண்டைத் திருப்பி வாங்கவும் மாட்டேன், சொல்லிட்டேன்."

குண்டோடு தோப்புக்கு வந்தால் எருமை சின்னதாகத் தெரிந்தது. கயிற்றை அதன் பக்கத்தில் தரையில் போட்டுப் பார்த்தார்கள். எருமை முடிந்த பிறகும் கயிறு எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

"கயிறு பொய் சொல்லாது," என்றார் தளவாய். "எருமைதான் இளைச்சுட்டு."

"ஒரே நாள்லயா?"

"மூணு பேரு நின்னு வச்ச கண்ணு வாங்காமப் பாத்தோம்லா? கண்ணு பட்டுட்டு."

மாசானம் தலையாட்டினான். உடனே ஓடிப் போய் உப்பும் மிளகாயும் கொண்டுவந்து, வேலிக்குப் பின்னால் நின்றபடியே எருமைக்குச் சுற்றிப் போட்டான்.

"குண்டைத் திருப்ப முடியாது," தளவாய் தொடர்ந்தார். "அப்ப எருமையைத்தான் குண்டுக்கு ஏத்த மாதிரித் தேத்தணும். என்ன போட்டாத் தேறும்?"

மூன்று பேரும் வாழைத்தாரைப் பார்த்தார்கள்.

ஆவுடையப்பன் மனசுக்குள் எங்கேயோ ஒரு சின்ன முள் குத்தியது. இந்தத் தோப்பைக் காப்பாற்றத்தானே குண்டு வாங்கினோம் என்று கேட்க வாயெடுத்தார். ஆனால் தளவாயின் முகம் அத்தனை தெளிவாக இருந்தது. இப்போது கேட்டால் நாம்தான் முட்டாளாகத் தெரிவோம் என்று பயந்து, அரிவாளை எடுத்து முதல் தாரை வெட்டினார். எங்கள் ஊரில் பாதி காரியம் இந்தப் பயத்தில்தான் நடக்கிறது.

அதுவரை திருட்டுத்தனமாகத் தின்ற எருமை இப்போது நேரத்துக்கு வந்தது. தார் வரத் தாமதமானால் உறுமியது. ஆவுடையப்பன் மனைவி பகவதி தலையில் அடித்துக்கொண்டாள்.

"கல்யாணத் தாரை எருமைக்கு வெட்டிப் போடுதீரே, உமக்குக் கோட்டி பிடிச்சிருக்கா?"

"நீ சும்மா கெட. இன்னும் கொஞ்ச முழந்தான் குறையுது."

கல்யாணத்துக்கு முந்தின நாள் தோப்பில் மிச்சம் ஒரே ஒரு தார். இலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. தாரோடு சேர்த்து அதையும் எருமை தின்றிருந்தது. தேறின வரை போதும், சுட்டுவிடுவோம் என்று துப்பாக்கியை எடுத்தார்கள். குண்டு உள்ளே போகவில்லை. குழாயைவிடக் குண்டு பெரிது.

"குண்டை அரத்தால ராவிச் சின்னதாக்கிரலாமா?" என்று மாசானம் கேட்டான்.

"ராவினா எருமைக்குப் பத்தாதே," என்றார் தளவாய். "உளுந்து ஊறினாப் பெருக்குதுல்லா? துப்பாக்கி மட்டும் பெருக்காதா?"

கல்யாண அண்டாவில் தண்ணீர் ஊற்றித் துப்பாக்கியை ஊறப்போட்டார்கள். சாயங்காலம் எடுத்துப் பார்த்தபோது துரு ஏறியிருந்தது. தண்ணீர் சரியில்லை என்றார் தளவாய்.

ஆவுடையப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். "நாளைக்கு எம்பிள்ளை கழுத்துல தாலி ஏறாதுவே! எல்லாம் என் புத்தியில மண்ணு விழுந்ததாலதான்."

அத்தான் அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் மாசானம் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக யோசித்தான்.

"அத்தான், குண்டு உள்ள போகணும்னுதான கடைக்கார அண்ணாச்சி சொன்னாரு? துப்பாக்கி வழியாத்தான் போகணும்னு சொல்லலியே?"

இந்தத் தடவை தளவாய் தலையாட்டினார். கடைசித் தாரில் பெரிய பழமாகப் பார்த்து, குண்டை உள்ளே திணித்து வீசினார்கள். எருமை லபக்கென்று விழுங்கியது. மிச்சத் தாரையும் தின்றுவிட்டு, வயிறு முட்டிப் போய்த் தொப்பென்று படுத்தது.

"விழுந்துட்டு!" என்று மூன்று பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். விடிந்து பார்த்தால் எருமையைக் காணோம். தின்ன ஒன்றுமில்லாத தோப்பில் அதற்கு என்ன வேலை?

மாப்பிள்ளை வீட்டார் மேளத்தோடு வந்தார்கள். சிவனணைஞ்சபெருமாள் தோப்பைப் பார்த்தார். கட்டாந்தரை.

"இலை எங்கவே? பழம் எங்க?"

மணவறையில் பூரணத்தின் கண் கலங்கியது. அப்போது தோப்பிலிருந்து மாசானம், கையெல்லாம் சாணியாக, தலைதெறிக்க ஓடிவந்தான்.

"அத்தான்! வந்துட்டு! இந்தப் பக்கம் போன குண்டு அந்தப் பக்கம் வந்துட்டு!"

ஆவுடையப்பன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சிவனணைஞ்சபெருமாள் குண்டைக் கழுவச் சொல்லி வாங்கி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொஞ்சங்கூட நசுங்கலியே," என்றார் கடைசியில்.

"ஏத்த குண்டுல்லா சம்மந்தி!"

"எங்க ஊர்க் கரும்புல யானை ஒண்ணு இறங்கி அழிக்குது. இதைச் சீதனமாத் தாரீரா? இலையும் வேண்டாம், பழமும் வேண்டாம். தாலியைக் கட்டச் சொல்லுதேன்."

கெட்டிமேளம் முழங்கியது. ஆவுடையப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் மனுஷன் நேர்மையானவர். சம்பந்தியை ஏமாற்ற மனசு வரவில்லை.

"சம்மந்தி, ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுதேன். உங்க ஊர்ல வாழைத்தோப்பு இருக்கா?"

"எனக்கே பெருந்தோப்பு இருக்கு. நல்லவேளை, யானை இன்னும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கல."

ஆவுடையப்பன் அவர் கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டார்.

"கவலைப்படாதீரும். யானைக்கு நான் வந்து வழி காட்டுதேன்."