ஓ என்றால் யார்

"ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியவில்லை, மா. கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன்," என்றார் கவோலாத்தே.

டீசல் இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார்.

"பெரிய சொல்லா, ரா?"

"ஒரே எழுத்து."

"ஓர் எழுத்துக்கா இந்த வெயிலில் ஆறு மைல் நடந்தீர்கள்?"

கவோலாத்தே தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, கவிழ்த்துப் போட்டிருந்த டிரம்மின்மேல் உட்கார்ந்தார். அவருக்கு வயது அறுபத்து மூன்று. முப்பது வருடமாக ஒரு சபையின் செயலாளர். மூச்சு வாங்கியது.

இது போட்ஸ்வானாவில், கலஹாரி மணல் தொடங்குகிற இடத்தில் நடந்தது. அந்த நாட்டில் ஆணை மரியாதையாக 'ரா' என்பார்கள், பெண்ணை 'மா' என்பார்கள். யாராவது கூப்பிட்டால் நாம் 'என்னங்க' என்று குரல் கொடுக்கிறோம் அல்லவா? அவர்கள், கூப்பிட்டவர் ஆணானால் 'ரா?' என்பார்கள். பெண்ணானால் 'மா?' என்பார்கள். பதில் அவ்வளவுதான்.

கிணற்றைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண்ணை எல்லோரும் மா-பெலோ என்று அழைத்தார்கள். பெலோவின் தாய் என்று பொருள். கவோலாத்தேயைவிட எட்டு வயது இளையவர்.

புருஷன் இறந்தபின் இன்ஜினை அவர் கையில் எடுத்தபோது மாட்டுக்காரர்கள் ஒப்பவில்லை. பெண் கை பட்ட தண்ணீரைக் குடித்தால் மாடு சினை பிடிக்காது என்றார்கள். மா-பெலோ வாதாடப் போகவில்லை. தண்ணீரைத் திறந்து விட்டார். மாடுகள் வந்து குடித்தன. அடுத்த வருடம் கன்றுகளைக் கொண்டுவந்து குடிக்க விட்டார்கள்.

பிறகு கேள்விகளையும் கொண்டுவரத் தொடங்கினார்கள்.

கேள்வியோடு வருகிறவர்களுக்கு அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். முதலில் குழாயைத் திறந்து விடுவார். தொட்டி நிரம்பும்வரை வந்தவர் உட்கார்ந்திருக்க வேண்டும். பாதித் தொட்டியிலேயே எழுந்து, நன்றி சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு.

இப்போதும் குழாயைத் திறந்தார்.

"சொல்லுங்கள்."

கவோலாத்தே சொல்லத் தொடங்கினார்.

அவருடைய சபைக்கு வெண்கயிற்றுச் சபை என்று பெயர். நோயாளியின் மணிக்கட்டில் வெள்ளைக் கம்பளிக் கயிறு கட்டி ஜெபிப்பார்கள். சபையைத் தொடங்கிய பிஷப் மொக்வாதி பதினோரு நாளைக்கு முன் இறந்துபோனார். அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் திரேலோ, இருநூறு மைல் தள்ளி நகரத்தில் டாக்ஸி வேன் ஓட்டுகிறான். இளையவள் ஒனலேனா. நோயாளிகள் படுத்திருக்கும் வீட்டை ஒன்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான்.

பிஷப்பின் கோல் யார் கைக்குப் போகிறதோ அவர்தான் இனிச் சபைக்குத் தலைவர்.

"பிஷப் ஏதும் சொல்லாமலா போனார்?"

"சொன்னார். என் காதால் கேட்டேன். உடனே குறிப்பேட்டில் எழுதினேன்."

பையிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்தார். செயலாளர் ஆன அன்று அதன்மேல்தான் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தார். ஒரு சொல்லைக் கூட்ட மாட்டேன், ஒரு சொல்லைக் குறைக்க மாட்டேன்.

பக்கத்தைத் திருப்பிப் படித்தார்.

"என் பிள்ளை. ஓ கோலைப் பிடிக்க வேண்டும்."

சிக்கல் அந்த 'ஓ'வில் இருந்தது.

பிள்ளை என்றால் நம்மைப் போலவே அவர்களுக்கும் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. அவன், அவள் என்ற பிரிவோ அவர்கள் மொழியில் கிடையாது. இரண்டுக்கும் 'ஓ'தான். போதாததற்கு, 'நீ' என்பதும் 'ஓ'தான். பேசும்போது குழப்பம் வராது. குரல் தாழ்ந்தால் நீ, ஏறினால் அவன் அல்லது அவள். எழுதினால் எல்லாம் ஒன்று.

"குரல் எப்படி இருந்தது? தாழ்ந்ததா, ஏறியதா?"

"இரண்டு நாளாகக் குரலே இல்லை, மா. மணலை வாரி இறைத்த மாதிரிதான் இருந்தது."

மூப்பர்கள் கூடிப் பேசியதையும் சொன்னார். மகளைச் சொல்வதாக இருந்தால் பிஷப் அவள் பெயரைச் சொல்லியிருப்பார் என்றார் ஒருவர். மகனைச் சொல்வதாக இருந்தால் அவன் பெயரைச் சொல்லியிருக்க மாட்டாரா என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அதைக் குறிப்பேட்டில் ஏற்றவில்லை. அங்கே இல்லாத ஒருவனைப் பற்றித்தான் ஒருவர் அப்படிப் பேசுவார், ஆகவே மகன்தான் என்று இன்னொரு மூப்பர் முடித்தார். கோலுக்கு முன்னால் ஆண்கள் முழங்காலிட வேண்டும், ஒரு பெண்ணுக்கு முன்னால் அது எப்படி என்றும் கேட்டார்.

"மாடுகளைக் கேட்டிருக்கலாம்," என்றார் மா-பெலோ.

கவோலாத்தேக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"திரேலோ என்ன சொல்கிறான்?"

திரேலோ கெட்டவன் இல்லை. அடக்கத்துக்கு வந்தவன், எல்லோரும் போனபின் செயலாளரிடம் வந்து நின்றான். எனக்குக் கயிறு கட்டக்கூடத் தெரியாது, பெரியவர்கள் சொன்னால் கற்றுக்கொள்கிறேன் என்றான். வேறு ஒன்றும் கேட்டான். அப்பா கடைசியில் என்னை நினைத்தாரா, ரா? தெரியாது என்று சொல்லக் கவோலாத்தேக்கு மனம் வரவில்லை.

"ஒனலேனா?"

"அவள் ஒன்றும் சொல்லவில்லை. கோல் திரேலோவுக்கு என்று முடிவானால் வீட்டைவிட்டு அவள் போக வேண்டும். பெண்கள் கயிறு கட்டக் கூடாது என்று இப்போதே பேசுகிறார்கள். உள்ளே ஏழு பேர் படுத்திருக்கிறார்கள்."

தொட்டியில் தண்ணீர் ஒரு சாண் ஏறியிருந்தது.

"அப்படியானால் உங்கள் கையில் என்ன இருக்கிறது, ரா?"

"இது."

மடித்த தாள் ஒன்றை நீட்டினார். சபையின் புதிய தலைவரைப் பதிவு செய்யும் அரசாங்கப் படிவம். திங்கட்கிழமை பேருந்தில் போய்க் கொடுக்க வேண்டும். பிஷப்பின் கடைசி வாக்கை அதில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் ஆணுக்கு ஒரு சொல், பெண்ணுக்கு ஒரு சொல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்து, பொருந்தாததை அடிக்கவும் என்று போட்டிருந்தார்கள்.

பெண்ணுக்கான சொல்லின்மேல் ஒரு கோடு இருந்தது.

"அடித்துவிட்டீர்களே."

"மூப்பர்கள் முன்னால் அடித்தேன்."

"பென்சிலில் அடித்திருக்கிறீர்கள்."

"பேனா கிடைக்கவில்லை."

மா-பெலோ அவர் சட்டைப்பையைப் பார்த்தார். அங்கே நீலப் பேனா ஒன்று குத்தியிருந்தது. கவோலாத்தே தொப்பியை எடுத்து அணிந்துகொண்டார். பிறகு கழற்றினார்.

மா-பெலோ தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அந்தப் பெண்ணின் பெயரிலும் ஓர் 'ஓ' இருக்கிறதே," என்றார் மா-பெலோ.

உண்மைதான். ஒனலேனா என்றால், ஓ என்னோடு உண்டு. பிள்ளை பிறந்தபோது பிஷப்பே வைத்த பெயர்.

"அந்த 'ஓ' யார்?"

"கடவுள்."

"ஆணா, பெண்ணா?"

"கடவுளைப் பற்றி யாரும் அப்படிக் கேட்பதில்லை, மா."

"படிவத்தில் கேட்டால் எதை அடிப்பீர்கள்?"

கவோலாத்தே வாயைத் திறந்தார். ஆங்கில பைபிளில் ஆண் என்று இருக்கிறது என்று சொல்ல வந்தார். சொல்லவில்லை. இத்தனை வருடம் தன் மொழியில் ஜெபித்தபோது அந்தக் கேள்வி ஒரு தடவைகூட எழுந்ததில்லை என்பது அவருக்கே வியப்பாக இருந்தது.

"பிஷப் பேசியபோது அறையில் யார் யார் இருந்தார்கள்?"

"நானும் பிஷப்பும்."

"வேறு யாரும் இல்லை?"

"வேறு யாரும் இல்லை. ஒனலேனா தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்."

மா-பெலோ துணியை உதறி, இன்ஜினின் மறுபக்கத்தைத் துடைக்கத் தொடங்கினார்.

துடைத்துக்கொண்டே, "பிள்ளை," என்று கூப்பிட்டார்.

முள்வேலிப் பக்கமிருந்து, "மா?" என்று ஒரு குரல். மூத்த மகன் பெலோ, முப்பது வயது, கையில் கம்பியோடு எட்டிப் பார்த்தான்.

"ஒன்றுமில்லை. வேலையைப் பார்."

அவன் போய்விட்டான்.

"பிறகு?" என்றார் மா-பெலோ.

கவோலாத்தே விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மாலை நேரம். பிஷப்பின் தலையை ஒனலேனா கையில் தாங்கிப் பிடித்திருந்தாள். தான் கட்டிலின் கால்மாட்டில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். பிஷப்பின் கண்கள் மூடியிருந்தன.

"பிள்ளை," என்று மறுபடி கூப்பிட்டார் மா-பெலோ.

இந்த முறை இன்ஜின் கொட்டகைக்குப் பின்னாலிருந்து, "மா?" என்றது ஒரு பெண்குரல். இளையவள் நேயோ. டீசல் கேன் கழுவிக்கொண்டிருந்தவள், நுரைக் கையோடு வந்து நின்றாள்.

"ஒன்றுமில்லை."

"அண்ணனையும் இப்படித்தான் கூப்பிட்டுத் திருப்பி அனுப்பினீர்கள். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்," என்றாள் நேயோ. "பெரியவருக்கு விளையாட்டுக் காட்டுகிறீர்களா?"

"போய்க் கழுவு."

அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

கவோலாத்தேக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது. ஒரு சபை இரண்டாக உடையப் போகிறது, இந்த அம்மாள் பிள்ளைகளைக் கூப்பிட்டு விளையாடுகிறார். இருந்தாலும் தொட்டி இன்னும் நிரம்பவில்லை. எழுந்து போனால் மரியாதை இல்லை.

"நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை, மா. பிஷப் யாரைச் சொன்னார்?"

மா-பெலோ அவர் பக்கம் திரும்பவில்லை.

"பிள்ளை," என்றார்.

"மா?" என்றது கொட்டகைக்குப் பின்னாலிருந்து வந்த குரல்.

"ஓ வாளியை எடுத்துவர வேண்டும்," என்றார், குரல் ஏறாமலும் தாழாமலும்.

நேயோ வாளியோடு வந்தாள். அம்மாவின் காலடியில் அதை வைத்தாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு, இப்போதாவது ஏதாவது வேலை உண்டா என்பதுபோல் பார்த்தாள்.

மா-பெலோ துணியை வாளியில் நனைத்துப் பிழிந்தார்.

கவோலாத்தே அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மா," என்றார் மெதுவாக. "இப்போது நீங்கள் யாரைக் கூப்பிட்டீர்கள்?"

"பிள்ளையை."

"எந்தப் பிள்ளையை? உங்களுக்கு இரண்டு பேர்."

"வாளியை யார் கொண்டுவந்தது, ரா?"

"கொண்டுவந்தது இவள். கூப்பிட்டது யாரை? அவள் என்ற ஓவா, நீ என்ற ஓவா என்று இவளுக்கு எப்படித் தெரிந்தது?"

நேயோதான் பதில் சொன்னாள். இவ்வளவு வயதானவருக்கு இதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற தயக்கத்தோடு சொன்னாள்.

"நான்தானே 'மா?' என்று கேட்டேன், ரா. அதற்கு அப்புறம் அம்மா யாரிடம் பேசுவார்கள்?"

கவோலாத்தேயின் கை தொப்பியின்மேல் அப்படியே நின்றது.

கட்டில் அவர் கண்முன்னால் வந்தது. தலைமாட்டில் இருந்த தகரக் குவளை. மூடிய கண்கள். மணல் மாதிரியான அந்தக் குரல். என் பிள்ளை. பேனா தாளைத் தொட்டது. அதற்குப் பிறகு பிஷப் நிறுத்தினார். ஏன் நிறுத்துகிறார் என்று தான் நினைத்ததும், மூச்சுக்காக இருக்கும் என்று எண்ணிக்கொண்டதும் ஞாபகம் வந்தது. அந்த இடைவெளியில் அறையில் ஒரு சத்தம் கேட்டிருந்தது. சிறிய சத்தம். குவளையை வைக்கிற பெண்ணிடமிருந்து வந்தது. பிஷப்பின் வாக்கு அல்லவே என்று பேனா அதைத் தாண்டிப் போனது.

அந்தச் சத்தம் அடங்கிய பிறகுதான் பிஷப் மீதியைச் சொன்னார்.

மா-பெலோ துணியைக் காயப்போட்டார். தொட்டி விளிம்புவரை வந்திருந்தது. குழாயை மூடினார்.

கவோலாத்தே குறிப்பேட்டை மடியில் விரித்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் அதிக இடம் இல்லை. கோட்டுக்கு மேலே, பொடி எழுத்தில், முதலில் ஒரு பெயரையும் அதன் பக்கத்தில் ஒரு சொல்லையும் எழுதினார்.

மை காயட்டும் என்று நோட்டைத் தூக்கிப் பிடித்தார். நேயோ அவர் தோளுக்குப் பின்னால் நின்று உரக்கப் படித்தாள்.

"பிஷப்: என் பிள்ளை.

ஒனலேனா: ரா?

பிஷப்: ஓ கோலைப் பிடிக்க வேண்டும்."