பெட்டியை வெளியே வைத்தவர்

தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில் பாக்கியநாதன் கிறிஸ்தவ சபையை நடத்தும் உபதேசியாராக இருந்தார். மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சுற்றுவட்டாரச் சபைகள் சேர்ந்த சேகரத்துக்கு ஆயரான கிருபாவதி அம்மாவிடம் போய், "எனக்கு ஊழியம் கத்துக்கொடுங்க" என்று நின்றார். ஆயரம்மா அவரைவிட வயதில் மிகவும் இளையவர். "சரி, வாங்க சார்" என்றார். அதிலிருந்து அவர் குரு, இவர் சீடர்.

ஒருநாள் சீடர் குருவின் வீட்டுக்கு வந்தார். குரு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, ஆராதனையில வாத்தியம் இருக்கலாமா, கூடாதா?"

"என்ன திடீர்னு?"

"கோயில்ல இருந்த ஆர்மோனியப் பெட்டியை எடுத்துப் பீடத்துக்குப் பக்கத்து வெஸ்ட்ரி ரூம்ல வச்சிட்டேன். லெந்து உபவாச நாள்ல எடுத்தது. ஈஸ்டர் முடிஞ்சும் திரும்ப வைக்கல."

"ஏன் எடுத்தீங்க?"

"ஞானசிகாமணி நல்லாத்தான் வாசிக்காரு, இல்லன்னு சொல்லல. ஆனா ரெண்டு சரணத்துக்கு நடுவுல ஒரு கச்சேரியே நடத்துதாரு. ஜனங்க குரல் அமுங்கிப்போகுது. கடவுளுக்குக் கேக்க வேண்டியது ஜனங்க குரல்தானம்மா?"

குரு தலையாட்டினார். ஞானசிகாமணி கச்சேரி நடத்துவது உண்மைதான். தையல்காரர். வாரம் முழுக்க மெஷின்மேல் குனிந்து கிடக்கிறவருக்கு ஞாயிற்றுக்கிழமையாவது நாலு பேர் தன்னைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதற்குக் கர்த்தருடைய நேரத்தைத்தான் எடுத்துக்கொள்வார்.

"இப்ப எப்படி இருக்கு?"

"சுத்தமா இருக்கு. நான் தொடங்குவேன், சபை பாடும். ஒருத்தர் வாய்கூட மூடியிருக்காது."

அதற்கு ஒரு காரணம் இருந்தது. பெட்டி இல்லாத முதல் ஞாயிறு பாட்டு மெலிந்துபோயிற்று. பாக்கியநாதன் பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்பதுபோலப் பீடத்துப் படியில் நின்று, "பாடாத வாய் எதுன்னு எனக்கு இங்கருந்தே தெரியும்" என்றார். சபையில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். அடுத்த ஞாயிறு எல்லா வாயும் திறந்தது. அதற்காக அவர் வீட்டுக்குப் போய் முழங்காலில் நின்று ஸ்தோத்திரம்கூடச் சொன்னார்.

"பின்ன என்ன சார் கவலை?"

"ஊர்ல ரெண்டு பேச்சு. ஞானசிகாமணி ஆசீர்வாதத்துக்கு முன்னாலயே எழுந்து போயிருதாரு. அவர் வீட்டுக்காரங்க வாரதே இல்ல. தாவீது ராஜா சுரமண்டலம் வாசிக்கலையான்னு கேக்காங்க. அப்போஸ்தலருங்க பெட்டியைத் தூக்கிட்டா அலைஞ்சாங்கன்னு நான் கேக்கேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். கூடாதுன்னு சொல்லிட்டீங்கன்னா பெட்டியை வித்திரலாம்னு கமிட்டியில பேசியாச்சு."

"ஞாயித்துக்கிழமை நற்கருணைக்கு வருதேன்ல. அங்க வச்சுச் சொல்லுதேன்" என்று குரு கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஞாயிறு வந்தது. பெண்கள் பாயிலும் ஆண்கள் பெஞ்சிலும் உட்கார்ந்திருந்தார்கள். பாக்கியநாதன் பாட்டைத் தொடங்கினார். நல்ல குரல், வயது அதைத் தொடவில்லை. திறந்த மைதானத்தில் பிள்ளைகளைப் பாடவைத்துப் பழகியவர். எடுப்பே உச்சத்தில் இருக்கும். கூரை அதிர்ந்தது. அவர் கண் வரிசை வரிசையாகப் போயிற்று. எல்லா வாயும் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

இரண்டாம் சரணத்தின் நடுவில் குரு அவர் பக்கம் குனிந்தார்.

"சார், அப்பத்தை மூடுற துணி வெஸ்ட்ரியில இருக்கு. எடுத்துட்டு வந்திருங்க."

"பாட்டு முடியட்டுமே அம்மா."

"இப்பவே."

வெஸ்ட்ரிக் கதவு வரைக்கும் பாடிக்கொண்டே போனார். உள்ளே போனதும் நிறுத்தினார். ஆர்மோனியப் பெட்டி பழைய போர்வைக்கடியில் இருந்தது. அலமாரியில் தேடினார், மேசையில் தேடினார். துணியைக் காணவில்லை.

அப்போதுதான் உறைத்தது. பாட்டையும் காணவில்லை.

தனக்காகக் காத்திருக்கிறார்கள் போலும் என்று கோயிலுக்குள் பார்க்கிற ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தார். வாய்கள் அசைந்துகொண்டிருந்தன. முன்வரிசையில் ராஜகனி, அவரிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள், வாயை நன்றாகத் திறந்து திறந்து மூடினாள். சத்தம் இல்லை. காது அடைத்துவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தார். மின்விசிறி கிறீச்சிடுவது கேட்டது. வெளியே ஒரு ஆடு கத்தியது, அதுவும் கேட்டது.

பிறகு அவர்களுக்கே தெரிந்துவிட்டது. வாய்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஒருவரையொருவர் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்கள். குரு மட்டும் பீடத்தைப் பார்த்தபடி நின்றார், திரும்பவில்லை.

பாக்கியநாதனுக்கு முகமெல்லாம் எரிந்தது. இத்தனை வாரமும் அந்தக் கோயிலில் பாடியது ஒரே ஒரு ஆள். அந்த ஆள் அதற்கு ஸ்தோத்திரமும் சொல்லியிருக்கிறான். பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதைத் தொடுவதற்கும் வெட்கமாக இருந்தது.

"ஜெபம் பண்ணுவோம்" என்று குருவின் குரல் கேட்டது. எல்லாரும் கண்ணை மூடிய பிறகுதான் அவர் வெளியே வந்தார். துணி நற்கருணை மேசையில் மடித்து வைத்தபடி இருந்தது.

ஆராதனை முடிந்து குரு வெஸ்ட்ரியில் அங்கியை மடித்துக்கொண்டிருந்தார். சீடர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"துணி முதல்லயே மேசையில இருந்ததா அம்மா?"

"இருந்துச்சு."

"ராஜகனியைக் கேட்டேன். நீங்க எடுக்கிற சுருதி எங்களுக்கு எட்டாது சார்ங்கா. தாழ்த்திப் பாடினா நீங்க முறைப்பீங்கன்னு... எங்கிட்ட படிச்ச பிள்ளை. எனக்குப் பயந்து கடவுள் முன்னால நடிச்சிருக்கா."

குரு அங்கியைப் பைக்குள் வைத்தார்.

ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஞானசிகாமணி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்றைக்குப் பெட்டியின் தீர்ப்பு தெரிந்துவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு.

"பெட்டியை என்ன செய்யட்டும் அம்மா? விக்கவா, திரும்பக் கொண்டு வைக்கவா?"

"அதை எடுக்கும்போது என்ன காரணம் சொன்னீங்க சார்?"

பாக்கியநாதன் தரையைப் பார்த்தார். காரணம் நன்றாக நினைவிருந்தது.

"ஜனங்க குரல் அமுங்கிப்போகுதுன்னு."

"காரணம் சரிதான்."

வெளியே சைக்கிள் மணி ஒரு தடவை அடித்து ஓய்ந்தது.

"அடுத்த வாரம் நான் எங்க உக்காரட்டும்?"

"கடைசி பெஞ்சுல."

"ஞானசிகாமணி நிக்காரு. அவருக்கு என்ன சொல்ல?"

"உங்க பக்கத்துல வந்து உக்காரச் சொல்லுங்க."

"அப்ப பாட்டை யாரும்மா தொடங்குவா?"

குரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் சும்மா இருந்துபாருங்க சார்."