நாலு பேர் தாங்கிய அர்ச்சுனன்

சிறுகரும்பட்டில் புத்திக்குக் குறைச்சல் என்று யாரும் சொன்னது கிடையாது. அப்படிக் கண்டுபிடித்துச் சொல்வதற்கே கொஞ்சம் புத்தி வேண்டும். அது அந்த ஊரில் யாரிடமும் இல்லை. மற்றபடி நல்ல ஊர். திரௌபதியம்மன் கோயில் உண்டு, வருஷம் தவறாமல் பாரதக் கூத்து உண்டு, அந்தக் கூத்தில் பதினேழு வருஷமாக அர்ச்சுனன் வேஷம் கட்டுகிற கோதண்டமும் உண்டு.

அர்ச்சுனனுக்குப் பெரிய வேலை தபசு மரம் ஏறுவதுதான். அறுபதடிப் பனைமரத்தை நட்டு, இரண்டு பக்கமும் படிபோலக் குச்சி அடித்து வைத்திருப்பார்கள். அர்ச்சுனன் பாடிக்கொண்டே ஏறி, உச்சியில் உட்கார்ந்து சிவனை நினைத்துத் தவம் செய்து, எலுமிச்சம்பழமும் பூவும் வீச வேண்டும். கீழே பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் முந்தானை ஏந்தி நிற்பார்கள். போன வருஷம் கோதண்டம் மூன்றாவது குச்சியில் கால் வைத்ததும் அது முறிந்துவிட்டது. மீதித் தவத்தை இரண்டாவது குச்சியிலேயே நின்று முடித்தார். அங்கிருந்து வீசிய பழங்கள் முந்தானை வரைக்கும் எட்டாமல் மத்தளம் வாசிக்கும் வரதப்பன் மடியில் விழுந்தன. ஐம்பத்தெட்டு வயது வரதப்பனுக்கு அந்த வருஷமே ஆண் குழந்தை பிறந்தது. இது தப்பான விலாசத்துக்குப் போன வரம் என்று ஊரில் மனக்குறை இருந்தது.

அதனால் இந்த வருஷம் தர்மகர்த்தா மணவாளன் கூட்டம் போட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். திருவிழாவுக்கு நாற்பத்தெட்டு நாள் இருக்கிறது. தபசன்று கோதண்டம் எண்பத்தைந்து கிலோவுக்கு மேல் ஒரு பிடி இருந்தாலும் வேஷம் பக்கத்து ஊர் ஆளுக்குப் போய்விடும்.

கோதண்டம் அப்போது தொண்ணூற்றேழு கிலோ. வீட்டுக்கு வந்து அர்ச்சுனன் கிரீடத்தை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். வருஷத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாளும் அவரை யாரும் கும்பிட்டதில்லை. அந்த ஒரு நாள்தான் கும்பிடுவார்கள்.

மறுநாள் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மா பொறுமையானவர். விரல் விட்டு எண்ணிச் சொன்னார்.

“வாயைக் கட்டணும். எண்ணெயைத் தொடவே கூடாது. சாப்பாட்டைப் பாதியாக் குறைக்கணும். தினம் ஒரு மணி நேரம் நடக்கணும். இதெல்லாம் தனியா ஒருத்தரால ஆகாது. உங்களைத் தாங்கிப் பிடிக்க நாலு பேர் வேணும்.”

கடைசி வார்த்தையில் கோதண்டத்துக்கு நெஞ்சு திடுக்கென்றது. நாலு பேர் சேர்ந்து ஒருத்தரைத் தூக்கும் காரியம் ஒன்றுதான் அவருக்குத் தெரியும். அது இல்லை, மனசு தளரும்போது கூட நிற்கிறவர்கள் என்று டாக்டரம்மா விளக்கினார். அந்த விளக்கம் திரும்பி வருகிற பஸ்ஸில் மறந்துபோனது. மற்றதெல்லாம் நன்றாக ஞாபகம் இருந்தது.

நாலு பேர் அன்றைக்கே கிடைத்தார்கள். மனைவி பச்சையம்மாவின் தம்பி துரைக்கண்ணு முதல் ஆள். பத்தாம் வகுப்பை நாலு தடவை படித்தவர் என்பதால் ஊரில் அவ்வளவு படித்தவர் வேறு யாரும் இல்லை. அடுத்தவர் மத்தளக்கார வரதப்பன். அவர் நன்றிக்கடனாக வந்தார். பிறகு கோதண்டத்தின் சித்தப்பா பிள்ளைகள் பெரியாண்டியும் சின்னாண்டியும். இரட்டையர். யார் பெரியவர் என்று அவர்களுக்கே நிச்சயமில்லாததால் முறைபோட்டு ஆளுக்கு ஒரு வாரம் பெரியாண்டியாக இருந்தார்கள்.

ஐந்து பேரும் கோயில் முன்னால் உட்கார்ந்து முதல் விரலை எடுத்துக்கொண்டார்கள்.

“வாயை எதால கட்டுறது?” என்று கேட்டார் வரதப்பன்.

“துணியால,” என்றார் துரைக்கண்ணு. “கயிறு உறுத்தும்.”

“எப்ப அவுக்குறது?”

“அவுக்கச் சொல்லலையே.”

“அப்ப சாப்பாடு?”

துரைக்கண்ணு கண்ணை மூடி யோசித்தார். “பாதி சாப்பிடச் சொல்லியிருக்காங்க. கட்டின வாயால பாதிகூட சாப்பிட முடியாது. அதனால சாப்பிடுறப்ப அவுக்கலாம்னு அதுக்குள்ளயே அர்த்தம் இருக்கு. படிச்சவங்க பேச்சு அப்படித்தான், உள்ளுக்குள்ள இருக்கும்.”

கோதண்டத்தைத் தனியாகக் கஷ்டப்பட விடக்கூடாது என்று நாலு பேரும் சேர்ந்தே கட்டிக்கொள்வதாக முடிவானது. சின்னாண்டி மலைக்குப் போக உடுத்திய கறுப்பு வேட்டியை ஐந்தாகக் கிழித்தார்கள். காற்றுக்கு நன்றாக இருக்குமே என்று மெயின் ரோட்டுப் புளியமரத்தடியில் வரிசையாகப் போய் உட்கார்ந்தார்கள்.

முதலில் வந்த பஸ் நின்றது. வாயில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு ஐந்து பேர் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தால் அதைத் தாண்டிப் போக எந்த டிரைவருக்கும் தைரியம் வராது. அரை மணி நேரத்தில் போலீஸ் ஜீப் வந்தது. அடுத்து வருவாய் ஆய்வாளர் மூச்சிரைக்க வந்து இறங்கினார். என்ன கோரிக்கை என்று கேட்டார். ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களே தவிர, யாரும் துணியை அவிழ்க்கவில்லை. எதுவானாலும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஆய்வாளர் கெஞ்சினார். பேச முடியாது என்று ஐந்து தலையும் ஒன்றாக ஆடின. இவ்வளவு உறுதியான ஆட்களை அவர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை. ரோடா, ரேஷன் கடையா, தண்ணீரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வெயிலில் உட்கார்ந்து தொண்டை வறண்டு கிடந்த கோதண்டம், தண்ணீர் என்றதும் பலமாகத் தலையாட்டினார்.

பத்தே நாளில் ஊருக்குப் புதுக் குழாய் வந்துவிட்டது.

இருபது வருஷமாக மனு எழுதியும் வராத தண்ணீர். ஊருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஐந்து பேருக்கும் மாலை போட்டு விருந்து வைத்தார்கள். வடை, அதிரசம், எண்ணெயில் மிதக்கும் கத்திரிக்காய். இலை முன்னால் உட்கார்ந்ததும் கோதண்டம் இரண்டாவது விரலை நீட்டிக் காட்டினார். எண்ணெயைத் தொடக்கூடாது.

“கைதானே தொடும்?” என்றார் பெரியாண்டி. “கை படாம சாப்பிட்டா போச்சு.”

“நாக்கு தொடுமே,” என்றார் வரதப்பன்.

“நாக்கு தொடாது, ருசி பார்க்கும்,” என்றார் துரைக்கண்ணு. “தொடுறது கையோட வேலை.”

தென்னை ஈர்க்குகளைச் சீவிக் கொண்டுவந்தார்கள். நாலு பேரும் வடையை ஈர்க்கில் குத்தி, ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கையில் படாமல் கோதண்டம் வாயில் ஊட்டிவிட்டார்கள். ஊட்டுவதற்கு நாலு பேர் இருந்ததால் வழக்கமாக ஆறு வடை தின்கிறவர் அன்று பதினாறு தின்றார்.

சாப்பாட்டைப் பாதியாக்குவதில் அவர் இன்னும் கண்டிப்பாக இருந்தார். பச்சையம்மா எட்டு இட்லி வைத்தால் எட்டையும் இரண்டாகப் பிட்டு எட்டுப் பாதியை மட்டும் சாப்பிடுவார். வாயைக் கட்டிக்கொண்டு எழுந்து வீட்டை நாலு சுற்றுச் சுற்றி வருவார். வந்து பார்த்தால் தட்டில் எட்டுப் பாதி கிடக்கும். பாதிதான் சாப்பிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்து அதையும் சாப்பிடுவார்.

நடையில்தான் ஒரு சங்கடம் நேர்ந்தது. ஒரு மணி நேரம் ஆனதைத் தெரிந்துகொள்ள, துரைக்கண்ணு தன் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி சின்னாண்டியின் முதுகில் கட்டினார். காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினார்கள். ஊர் எல்லையில் கடிகாரத்தின் பேட்டரி கழன்று விழுந்தது யாருக்கும் தெரியாது. நடந்தார்கள். முள் ஆறே முக்காலிலேயே நின்றது. இன்று நேரம் மெதுவாகப் போகிறது என்று வரதப்பன் சொன்னார். உச்சி வெயில் வந்தது. ஆறே முக்காலுக்கே இப்படி அடிக்கிறதே, பத்து மணிக்கு என்ன ஆகுமோ என்று கவலைப்பட்டார்கள். கடைசியில் பதினெட்டு மைல் தள்ளி ஒரு கூட்டு ரோட்டில் கோதண்டம் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். எதிரே பிரியாணிக் கடை இருந்தது. அங்கே எண்ணெய் தொடாமல், பாதி பாதியாக நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை.

முப்பத்தைந்தாம் நாள் கடலை மண்டித் தராசில் ஏறி நின்று பார்த்தார். தொண்ணூற்றொன்பது.

கோதண்டம் தராசை விட்டு இறங்கவே இல்லை. அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். வாயிலிருந்த துணியை அவிழ்த்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“மச்சான், என்னால ஆகாதுப்பா. கிரீடத்தை அந்த ஊர்க்காரன்கிட்டயே கொடுத்திடுங்க. அவன் ஒல்லி. அவனுக்குத் தலையில நிக்காது, கொஞ்சம் துணி வெச்சுக் கட்டச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு வரதப்பன்தான் மெல்ல விரல்களை எண்ணினார். வாய், எண்ணெய், பாதி, நடை. நாலு விரல் மடங்கின. கட்டை விரல் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது.

“தாங்கிப் பிடிக்கணும்னு சொன்னாங்களே,” என்றார். “நாம ஒருநாள்கூட தாங்கலையேப்பா.”

துரைக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டார். கோதண்டத்தைத் தராசின் மேலேயே எழுப்பி நிறுத்தினார்கள். இரட்டையர் தரையில் நின்றபடி ஆளுக்கொரு அக்குளில் தோள் கொடுத்தார்கள். துரைக்கண்ணுவும் வரதப்பனும் இரண்டு பக்கமும் இடுப்பைப் பிடித்துத் தாங்கினார்கள். முள் சரசரவென்று இறங்கியது. எண்பது, எழுபது. அறுபத்திரண்டில் வந்து நின்றது.

கோதண்டத்துக்கு உடம்பு நிஜமாகவே லேசானதுபோல் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டரம்மா இருந்த திசையை நோக்கிக் கும்பிட்டார்.

“இவ்வளவு எடையும் எங்க போச்சு?” என்று கேட்டார் பெரியாண்டி.

“எனக்குத் தோள் வலிக்குது,” என்றார் சின்னாண்டி. “என்கிட்ட கொஞ்சம் வந்திருக்கு போல.”

“இன்னும் பலமாத் தூக்காதீங்க,” என்றார் வரதப்பன் பயந்துபோய். “முள்ளைப் பாருங்க, முப்பதுக்கு வந்துடுச்சு. இதுக்கு மேல தூக்கினா கோதண்டம் இல்லாமலே போயிடுவார்.”

ஆள் இப்படித் தேய்ந்துபோனால் அர்ச்சுனனுக்கு வில் தூக்கத் தெம்பு இருக்காது என்று எல்லாருக்கும் கவலை பிடித்தது. மீதி இருந்த பதின்மூன்று நாளும் அவருக்கு நெய்ச்சோறு போட்டுத் தேற்றினார்கள். துவைத்த சட்டை ஒன்றும் தொளதொளக்கவில்லையே என்று பச்சையம்மா கேட்டார். சட்டையும் கூடவே இளைத்திருக்கும் என்று தம்பி பதில் சொன்னார்.

தபசு நாள் வந்தது. கோயில் திடலில் மரம் நின்றது. தர்மகர்த்தா மண்டித் தராசை மரத்தடிக்கே கொண்டுவரச் சொன்னார். தலையில் கிரீடமும் தோளில் புஜக்கட்டையும் அணிந்த அர்ச்சுனன், நாலு பேர் தாங்க, தராசில் ஏறினார். அறுபத்தெட்டு. தர்மகர்த்தா கையைத் தட்டினார். எதற்கு நாலு பேர் என்று ஒரு வார்த்தை கேட்டார். டாக்டர் சொன்னது என்றார்கள். அப்படியென்றால் சரி என்றார்.

ஆனால் ஏறும்போதும் நாலு பேர் தாங்க வேண்டுமே. விட்டுவிட்டால் எடை திரும்பி வந்துவிடும். அப்படியானால் நாலு பேரும் கூடவே ஏறட்டும் என்றார் தர்மகர்த்தா.

“எங்க நாலு பேர் எடை?” என்றார் துரைக்கண்ணு. “எங்களையும் ஆளுக்கு நாலு பேர் தாங்கணும்.”

அது பதினாறு. பதினாறு பேரைத் தாங்க அறுபத்து நாலு. அதைத் தாங்குவதற்குக் கணக்குப் போட்டபோது, கணக்குப்படி ஊரில் எல்லாரும் மரத்தில் இருந்தார்கள். வேடிக்கை பார்க்கவும் பழம் பிடிக்கவும் ஆளில்லை. பக்கத்து ஊரிலிருந்து கூப்பிடலாமா என்று பேச்சு வந்தது. வெயில் ஏறிக்கொண்டே போனது. அரிதாரம் வழிய அர்ச்சுனன் நின்றுகொண்டே இருந்தார்.

இடுப்பில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்த பச்சையம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“இதுக்குப் பேசாம மரத்தைப் படுக்க வெச்சு ஏறச் சொல்லுங்க,” என்றார்.

தர்மகர்த்தா நெடுநேரம் பச்சையம்மாவையே பார்த்தார்.

“பதினேழு வருஷமா இந்த அம்மாகிட்ட நாம ஒரு வார்த்தை கேக்கலையேப்பா,” என்றார்.

மரத்தைப் பிடுங்கித் திடலில் நீளமாகப் படுக்க வைத்தார்கள். கோதண்டம் அடிமரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, குப்புறப் படுத்து ஏற ஆரம்பித்தார். நாலு பேரும் இரண்டு பக்கமும் தவழ்ந்தபடி தாங்கிக்கொண்டே போனார்கள். நின்று பார்த்த சனத்துக்கு அவர் ஏறுவது சரியாகத் தெரியவில்லை. அதனால் ஊரே அடிமரத்துப் பக்கம் கால் நீட்டிப் படுத்துக்கொண்டது. அப்படிப் பார்த்ததும் அர்ச்சுனன் மேலே மேலே போவது கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. பெண்கள் படுத்தவாக்கில் முந்தானை ஏந்தினார்கள். ஒரு குச்சி முறியவில்லை. ஒரு பாட்டு விடவில்லை. உச்சியில் அவர் வீசிய எலுமிச்சம்பழங்கள் ஒவ்வொன்றும் முந்தானைக்கே உருண்டு வந்தன. அத்தனை பேரும் படுத்தபடியே அவரைக் கும்பிட்டார்கள். கோதண்டத்துக்கு மனசு நிறைந்துவிட்டது.

இறங்குவதற்காகத் திரும்பிப் பார்த்தார். அறுபதடிக்கு அந்தப் பக்கம் அடிமரம் சின்னதாகத் தெரிந்தது. இறங்க மாட்டேன் என்று மரத்தைக் கட்டிக்கொண்டார்.

ஏணி கொண்டுவரச் சொல்லி ஆள் ஓடியது. ஏணியைத் தரையில் நீட்டி உச்சியில் பொருத்தினார்கள். கோதண்டம் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். கடைசிப் படிக்கு வந்ததும் காலை நீட்டித் துழாவினார். ஏணி மூன்றடி குட்டை.

வைக்கோல் கொண்டுவந்து பரப்பும் வரைக்கும் அவர் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தார். பிறகு கோவிந்தா என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுக் குதித்தார். அவ்வளவு உயரத்திலிருந்து குதித்தவர் ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்து நின்று வேட்டியைத் தட்டிக்கொண்டார். அதைப் பார்த்துத் தர்மகர்த்தாவுக்குத்தான் தலை சுற்றிவிட்டது. எங்கே விழுந்துவிடுவோமோ என்று, படுத்திருந்த இடத்திலேயே தரையை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.