பூஜ்யத்துக்குக் கீழே ஓர் ஆட்டோ

ச்சு, ச்சு, ச்சு. புகை அளக்கும் கருவிக்குள் ஒரு சிறு தட்டு சுழன்று ஒளியை மறைத்து மறைத்து விடும். யாரோ நமக்காக வருத்தப்படுவது போன்ற அந்தச் சத்தம் இத்தனை வருடம் கழித்தும் இருதயராஜ் காதில் இருக்கிறது.

தூத்துக்குடி சாலையில் வாகனப் புகைச் சோதனை நிலையம். நடத்தியவள் நஸ்ரின், சின்னப் பெண். அவளிடம் வேலை கற்க வந்தவர் இருதயராஜ். பேரன் எடுத்தவர், லாரி ஓட்டி முழங்கால் போனவர். அன்று தனியாகச் சோதித்துக் காட்டினால் நிலையம் அவர் பொறுப்பு. இல்லையென்றால் மறுபடி லாரி.

"மேடம், வாயு கண்ணுக்குத் தெரியாது. இது மட்டும் எப்படிப் பாக்குது?"

"அதுவும் பாக்காது அண்ணாச்சி. வாயு நிறைஞ்ச குழாய்க்குள்ள ஒளியை அனுப்புது. மறுபக்கம் எவ்வளவு குறைஞ்சு வருதுன்னு அளக்குது."

"குறைஞ்சா?"

"கல்யாணப் பந்தியில சோறு, சாம்பார் எல்லாம் அப்படியே இருக்கு. பாயசம் மட்டும் காலி. யாரு வந்திருக்கா?"

"என் மச்சினன்."

"பாத்தீங்களா?"

"எதுக்குப் பாக்கணும்?"

"ஒளியில ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு பாயசம்" என்றாள் நஸ்ரின்.

மழை பிடித்துக்கொண்டது. சோதனைக்கு முன் கருவிக்கு நல்ல காற்றைக் கொடுத்து, இதுதான் பூஜ்யம் என்று பொத்தானை அமுக்க வேண்டும். சாரல் அடிக்கிறதே என்று இருதயராஜ் ஷட்டரைப் பாதி இறக்கினார். உள்ளே ஒரு கிழட்டு ஆட்டோ உறுமிப் புகை கக்கிக்கொண்டு நின்றது. பொத்தானை அமுக்கினார்.

கிழட்டு ஆட்டோ தேறியது. அதன் ஓட்டுநரே நம்பாமல், மனம் மாறுவதற்குள் கிளம்பிப் போனார்.

அடுத்து சுடலையின் புது ஆட்டோ. முள் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியது.

"என் வண்டி காத்தைக் கழுவுது அண்ணாச்சி" என்றான் சுடலை. "சர்டிபிகேட்டுல அப்படியே எழுதித் தாங்க. வீட்டுல காட்டணும். அங்க என்னை ஒருத்தரும் மதிக்கிறதில்ல."

இருதயராஜ் முழங்காலைத் தடவிக்கொண்டார். "மெஷின் பழுதா மேடம்?"

நஸ்ரின் எழுந்து போய் ஷட்டரை முழுவதும் ஏற்றினாள். மழைக்காற்று உள்ளே வந்தது.

"ஆளில்லாத பந்தின்னு அதுக்கு எதைக் காட்டினீங்க?"

"இங்க இருந்த காத்தை."

"அதுல யாரு இருந்தா?"

கிழட்டு ஆட்டோ நின்ற இடத்தை அவர் பார்த்தார். ச்சு, ச்சு என்றது கருவி.

"மச்சினன்."

சுடலை இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அந்த ஆட்டோ ரயில்வே கேட்டுலதான் நிக்கும்" என்றார் இருதயராஜ், செருப்பைத் தேடிக்கொண்டே. "திருப்பிக் கூட்டிட்டு வரவா?"

"கூட்டிட்டு வாங்க. ஷட்டர் சாவி உங்களுக்காக மேசை மேல இருக்கும்."

இருதயராஜ் அதற்குப் பிறகு லாரி ஓட்டவில்லை.